ஹீட்டர் போட்டால் கூலண்ட் வாசனை, கண்ணாடியில் பிசுக்கு: ஹீட்டர் கோரா, வேறு இடமா?

#1 சாளரக்காற்று

பெட்ரோல் கார், 4 சிலிண்டர், 1,30,000 கி.மீ. ஓடியது. ஹீட்டரைச் சூட்டில் வைத்து புளோயரைப் போட்டால் முதல் சில நிமிடங்களுக்கு இனிப்பு கலந்த, தொண்டையில் ஒட்டுகிற மாதிரி ஒரு வாசனை. பிறகு குறைகிறது, முழுதாகப் போவதில்லை. முன்கண்ணாடியின் உட்புறம் பிசுக்காக இருக்கிறது. துணியால் துடைத்தால் பிசுக்கு இழுபட்டுப் பரவுகிறது. எக்ஸ்பான்ஷன் டேங்கில், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்டின் தொட்டியில், மட்டம் மெதுவாக இறங்குகிறது. நிறுத்திய இடத்தில் சொட்டு இல்லை. டெம்பரேச்சர் முள் எப்போதும் போல நடுவில். முன்சீட்டுக் கால்பகுதியில் கார்பெட் மேலே தொட்டால் காய்ந்திருக்கிறது.

டேஷ்போர்டைக் கழற்றி ஹீட்டர் கோரை (சூடான கூலண்ட் ஓடி கேபின் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டர்) மாற்றிவிடலாம் என்கிறார்கள். அந்த வேலையில் இறங்கும் முன் கசிவு அங்கேதான் என்று உறுதி செய்ய வேண்டும். எந்த வரிசையில் சோதிப்பது?

#2 அழுத்தமானி

வாசனை, பிசுக்கு, மட்டம் இறங்குவது மூன்றும் சேர்ந்து வந்தால் கூலண்ட் கசிகிறது என்பதில் சந்தேகமில்லை. எங்கே என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கேபினுக்குள் இந்த வாசனை வர இரண்டு வழி உண்டு. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் பெட்டிக்குள்ளேயே கசியலாம். அல்லது என்ஜின் பக்கத்தில் கசிந்து, சூட்டில் ஆவியாகி, முன்கண்ணாடியின் அடியில் உள்ள காற்று நுழைவாய் வழியாக உள்ளே இழுக்கப்படலாம். மூக்குக்கு இரண்டும் ஒன்றுதான். கோரை மாற்றிய பிறகும் வாசனை போகாத வண்டிகளில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியை யாரும் பார்க்காமல் விட்டிருப்பார்கள்.

கருவி எதுவும் இல்லாமலே இதைப் பிரிக்கலாம். என்ஜின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு, திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி ஐடிலில் ஓடவிடுங்கள். கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள், ஏசியை அணையுங்கள், சூட்டை முழுதாக வையுங்கள், புளோயர் நடு வேகம், காற்று முகத்துக்கு வரட்டும். வெளிக்காற்று நிலையில் 5 நிமிடம், பிறகு உட்சுழற்சி நிலையில் 5 நிமிடம். உட்சுழற்சிக்கு மாற்றியதும் வாசனை தணிந்தால் கசிவு என்ஜின் பக்கம். உட்சுழற்சியிலும் அப்படியே நின்றால், அல்லது அடர்ந்தால், ஹீட்டர் பெட்டிக்குள்.

இந்தச் சோதனையை டிஃப்ராஸ்ட் (முன்கண்ணாடிக்குக் காற்று போகும்) நிலையில் செய்யக் கூடாது. பல வண்டிகளில் அந்தப் பொத்தானைத் தொட்டதுமே உட்சுழற்சி தானாக விலகி வெளிக்காற்றுக்கு மாறிவிடும், ஏசி கம்ப்ரஸரும் ஓடத் தொடங்கும். முடிவு குழம்பிவிடும். இன்னொன்று, மூக்கு சீக்கிரம் பழகிவிடும். இரண்டு நிலைக்கும் நடுவே கதவைத் திறந்து கேபின் காற்றை மாற்றிவிட்டு, வெளியே நின்ற வேறொருவரை உள்ளே உட்காரச் சொல்லுங்கள்.

#3 குழாய்முனை

அழுத்தமானி சொன்னதோடு பானட்டைத் திறந்து பார்க்க வேண்டிய இடங்களையும் சேர்க்கிறேன். காற்று நுழைவாய்க்கு அருகில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் தூரத்துக் கசிவைவிட நுழைவாய்க்குக் கீழே உள்ள சின்னக் கசிவுதான் கேபினுக்குள் அதிகம் வாசனை தரும்.

ஃபயர்வாலை (என்ஜின் பகுதிக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) ஊடுருவிப் போகும் இரண்டு ஹீட்டர் ஹோஸ், அவற்றின் கிளாம்ப், ஹீட்டர் வால்வு இருந்தால் அதன் உடல். ஹோஸ் கிளாம்புக்கு அடியில்தான் முதலில் வெடிக்கும், மேலே பார்த்தால் தெரியாது. கிளாம்பைத் தளர்த்தி நகர்த்தி, அது அழுத்திய தடத்தில் பிளவு இருக்கிறதா பாருங்கள். பிளாஸ்டிக் டீ (T வடிவ) இணைப்பு இருக்கும் வண்டிகளில் வருடக் கணக்கான சூட்டில் பிளாஸ்டிக் நொறுங்கும் நிலைக்கு வந்துவிடும். கையால் அசைத்தால் உடைந்து போகலாம், அதனால் என்ஜின் குளிர்ந்த பிறகே தொடுங்கள்.

அடுத்து எக்ஸ்பான்ஷன் டேங்கின் ஒட்டுத் தையல், மூடி, தெர்மோஸ்டாட் (சூடேறியதும் கூலண்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) உறையின் கேஸ்கெட், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினிய உடலும் சேரும் மடிப்பு, வாட்டர் பம்பின் கசிவுத் துளை. ஈரத்தைத் தேடாதீர்கள். சூடான உலோகத்தில் நீர் நிற்காது. காய்ந்த பொருக்கைத் தேடுங்கள்: வெள்ளை, பச்சை, இளஞ்சிவப்பு என்று கூலண்ட் நிறத்தை ஒட்டி இருக்கும்.

பலரும் விட்டுவிடுவது பானட்டின் பின்விளிம்பில் ஓடும் ரப்பர் சீல். என்ஜின் பகுதிக் காற்றை நுழைவாயிலிருந்து பிரித்து வைப்பது அதுதான். அது கிழிந்தோ கிளிப்பிலிருந்து விலகியோ இருந்தால் சாதாரணமாக உள்ளே வராத வாசனையும் வரும்.

வண்டி ஓடும்போது வாசனை இல்லை, சிக்னலில் நின்றதும் வருகிறது என்றால் அது என்ஜின் பக்கத்துக் கசிவின் குணம். ஓட்டத்தில் காற்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது.

#4 பச்சைத்திரவம்

கசிவு இல்லாமலேயே வாசனை வரும் ஒரு நிலை உண்டு. டேங்கில் மேல் கோட்டுக்கு மேல் ஊற்றியிருந்தால், சூட்டில் விரிந்து மூடி வழியாக வெளியேறும். சமீபத்தில் கூலண்ட் மாற்றும்போது என்ஜின் மேல் சிந்தியிருந்தாலும் அப்படித்தான். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் 197 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். கூட இருக்கும் தண்ணீர் போனபின்னும் அது படலமாகத் தங்கி, சூடேறும் போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். குளிர்ந்த என்ஜினை நிறையத் தண்ணீரால் கழுவினால் தீர்ந்துவிடும். மின் இணைப்பிகளை மட்டும் மூடிக்கொள்ளுங்கள்.

கார்பெட்டின் மேல்புறம் காய்ந்திருப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். கதவோரப் பட்டையைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் பஞ்சை அழுத்திப் பாருங்கள். ஹீட்டர் பெட்டிக்கு நேர் கீழே, நடுச் சுரங்கத்தின் இருபுறமும். ஈரம் இருந்தால் அது எது என்று பார்க்க வேண்டும். ஏசியின் வடிகுழாய் அடைத்து வரும் தண்ணீருக்கு வழவழப்பு கிடையாது, பூஞ்சை வாசனைதான் வரும். கூலண்ட் விரல்களுக்கு நடுவே வழுக்கும், தானாகக் காயாது. பெடலுக்கு மேலே, ஓட்டுநர் பக்கம் மட்டும் வழவழப்பு என்றால் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரின் திரவமாக இருக்கலாம். அதற்கு இனிப்பு வாசனை இல்லை, பெயின்டைத் தின்னும்.

சந்தேகமே வேண்டாம் என்றால் ரிஃப்ராக்டோமீட்டர், அதாவது கூலண்டின் செறிவை ஒளிவிலகலால் காட்டும் கருவி. வெள்ளைத் தாளில் ஈரத்தை உறிஞ்சி, இரண்டு சொட்டு பிழிந்து கண்ணாடியில் விடுங்கள். வெறும் தண்ணீர் என்றால் கோடு பூஜ்யத்தில் நிற்கும். அதைத் தாண்டி நின்றால் அது தண்ணீர் மட்டும் இல்லை.

வாயில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். எத்திலீன் கிளைகால் சிறுநீரகத்தைப் பாழாக்கும் விஷம். இனிப்பாக இருப்பதால் குழந்தைகளும் நாய் பூனைகளும் நக்கிவிடும் ஆபத்து உண்டு. சிந்தியதை அப்போதே துடைத்துக் கழுவுங்கள்.

#5 சாளரக்காற்று

உட்சுழற்சியில் வாசனை தணியவில்லை, கொஞ்சம் கூடியது. உள்ளே உட்கார்ந்த இரண்டாம் ஆளும் அதையே சொன்னார். பானட் சீல் முழுதாக இருக்கிறது. ஹோஸ், டேங்க், வாட்டர் பம்ப் எதிலும் பொருக்கு இல்லை. டேங்க் மட்டம் இரண்டு கோட்டுக்கும் நடுவில்தான் வைத்திருக்கிறேன். கார்பெட் அடிப் பஞ்சும் காய்ந்திருக்கிறது. இதுதான் புரியவில்லை: பெட்டிக்குள் கசிந்தால் பஞ்சு நனைய வேண்டாமா?

#6 குழாய்முனை

நனையத் தேவையில்லை. ஏசி உள்ள வண்டிகளில் எவாப்பரேட்டரும் (காற்றைக் குளிர்விக்கும் ஏசி பாகம்) ஹீட்டர் கோரும் ஒரே பெட்டிக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன. பெட்டியின் அடித்தளம் சரிந்து வடிகுழாய்க்குப் போகும் அமைப்பு என்றால், கோரில் கசிவது கார்பெட்டுக்கு வராமல் அந்தக் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் போய்விடும். ஏசி ஓடும் நாட்களில் தண்ணீரோடு கலந்து யார் கண்ணிலும் படாது.

என்ஜின் குளிர்ந்தபின் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஃபயர்வாலின் கீழ்ப்பகுதியில் அந்தக் குழாயின் முனையைத் தேடுங்கள். வெள்ளைத் தாளால் உட்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். வழவழப்போ நிறமோ இருந்தால் பாதி வேலை முடிந்தது.

புளோயர் போட்ட முதல் சில நிமிடம் மட்டும் வாசனை அதிகம் என்று எழுதியிருந்தீர்கள். பெட்டியின் அடியில் இரவெல்லாம் தேங்கிய கொஞ்சம் கூலண்ட் முதல் காற்றில் ஆவியாகிறது என்பதோடு அது பொருந்துகிறது.

#7 அழுத்தமானி

இனி அழுத்தச் சோதனை. கைப்பம்பு, அழுத்தமானி, உங்கள் மூடியின் மரைக்குப் பொருந்தும் அடாப்டர் இவ்வளவு போதும்.

என்ஜின் முழுதாகக் குளிர்ந்திருக்க வேண்டும். ஒரு இரவு நின்ற வண்டி சரி. சூடான என்ஜினில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யாரும் சொல்வதில்லை: வெதுவெதுப்பான என்ஜினில் அழுத்தம் ஏற்றிவிட்டுக் காத்திருந்தால், உள்ளே கூலண்டும் காற்றும் குளிர்ந்து சுருங்க முள் தானாக இறங்கும். கசிவே இல்லாத வண்டியில் கசிவு இருப்பதாகக் காட்டிவிடும்.

மூடியில் அச்சடித்திருக்கும் அழுத்தத்தைப் பாருங்கள். 0.9, 1.1, 1.4 பார் என்று இருக்கும், அதாவது ஏறக்குறைய 13, 16, 20 பிஎஸ்ஐ. அதுவரை ஏற்றலாம், அதற்கு மேல் ஒரு துளியும் கூடாது. இளைத்துப்போன கோர் அங்கேயே வாயைப் பிளந்துவிடும். ஏற்றியதும் முதலில் அடாப்டரின் சுற்றில் சோப்பு நீர் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவது உங்கள் கருவி. பிறகு 20 நிமிடம் தொடாமல் விடுங்கள்.

முள் இறங்கினால் ஹீட்டரைப் பிரிக்க வேண்டும். அழுத்தத்தை இறக்கி, ஃபயர்வாலில் இரண்டு ஹோஸையும் கழற்றி, ஒரு நேர் குழாய் வைத்து அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள். இப்போது முள் அசையாமல் நின்றால் கசிவு ஃபயர்வாலுக்கு அப்பால்தான்.

#8 வெப்பமாற்றி

அழுத்தமானி சொன்னபடி கழற்றிச் சேர்ப்பதுதான் சரி. இடுக்கியால் ஹோஸை நெரித்துப் பிடித்துச் சோதிக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. புது ரப்பரில் பாதகமில்லை. 10 வருடச் சூட்டில் இறுகிய ஹோஸை நெரித்தால் உள்ளே இருக்கும் நூல் பின்னல் அறுந்துவிடும். அன்றைக்குத் தெரியாது, பிறகு அதே இடத்தில் வெடிக்கும்.

கழற்றும்போதும் ஒரு எச்சரிக்கை. கோரின் குழாய் மெல்லிய அலுமினியம். ஒட்டிக்கொண்ட ஹோஸை முறுக்கி இழுத்தால் குழாய் கோரின் உடலோடு சேரும் இடத்தில் விரிசல் விடும், இல்லாத கசிவை நாமே உண்டாக்கிவிடுவோம். ஹோஸை நீளவாக்கில் கீறிப் பிரித்து எடுங்கள். புது ஹோஸ் போடுவது கோர் மாற்றுவதைவிட ஆயிரம் மடங்கு எளிது.

ஹீட்டரைப் பிரித்ததும், அந்த இரண்டு குழாயில் ஒன்றை அடைத்து மற்றதில் பம்பை மாட்டித் தனியாகவும் சோதிக்கலாம், 1 பார் போதும். பட்டறைக் கம்ப்ரஸர் காற்றை நேரடியாக விடவே கூடாது.

குளிர்ந்த சோதனையில் முள் நின்றுவிட்டால் கசிவு இல்லை என்று எழுதிவிடாதீர்கள். பிளாஸ்டிக் தொட்டி, அலுமினியம், ரப்பர் மூன்றும் வெவ்வேறு அளவில் விரிகின்றன. சூட்டில் மட்டும் திறக்கும் விரிசல் உண்டு. குளிரில் மட்டும் கசிந்து சூடேறியதும் அடைபடும் ஓ-ரிங்கும் (இணைப்பில் போடும் ரப்பர் வளையம்) உண்டு. உங்கள் அறிகுறி, அதாவது முதலில் அதிகம் பிறகு குறைவு, இரண்டாவது வகையாகவும் இருக்கலாம்.

#9 சாளரக்காற்று

செய்து பார்த்தேன். மூடி 1.1 பார். முழு அமைப்பில் 20 நிமிடத்தில் முள் 1.1-லிருந்து 0.9-க்கு இறங்கியது. ஹீட்டரைப் பிரித்து ஹோஸ்களைச் சேர்த்தபின் அசையவில்லை. வடிகுழாய் முனையைத் துடைத்த தாளில் லேசான இளஞ்சிவப்பு, வழவழப்பு.

#10 மூன்றாம்கியர்

கசிவு இவ்வளவு சிறிதாக இருந்தால் கசிவு அடைக்கும் திரவத்தை ஊற்றிப் பார்க்கலாமே? டேஷ்போர்டு வேலை பெரியது.

#11 பச்சைத்திரவம்

வேண்டாம் சார். அந்தத் திரவத்தில் இருக்கும் நுண்துகளுக்கு எது ஓட்டை, எது வழி என்று தெரியாது. கூலண்ட் ஓடும் பாதையிலேயே மிகக் குறுகலான குழாய்கள் ஹீட்டர் கோரில்தான் இருக்கின்றன, முதலில் அடைபடுவதும் அதுதான். சூடு குறையும், ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் வெதுவெதுப்பாகவும் காற்று வரும். ஓ-ரிங் இணைப்பில் கசிவு என்றால் அடைக்கவும் அடைக்காது, ஏனென்றால் சூட்டிலும் குளிரிலும் அந்த இணைப்பு நகர்ந்துகொண்டே இருக்கிறது.

பாகம் வரும் வரை ஓட்டியாக வேண்டும் என்றால், சோதனைக்குச் செய்தது போலவே ஹோஸ் இரண்டையும் நேர் குழாயால் சேர்த்து, நல்ல கிளாம்ப் போட்டு ஓட்டலாம். ஹீட்டர் இராது, கண்ணாடியில் படியும் ஆவியைச் சூட்டால் விலக்க முடியாது. அதை மனதில் வைத்து ஓட்டுங்கள். ஹோஸ்களைத் தனித்தனியாக மூடி அடைக்காதீர்கள். தெர்மோஸ்டாட் மூடியிருக்கும் நேரத்தில் கூலண்ட் சுற்றிவர சில என்ஜின்கள் ஹீட்டர் பாதையைத்தான் நம்பியிருக்கின்றன.

#12 வெப்பமாற்றி

சாளரக்காற்று, இன்னும் ஒரு படி இருக்கிறது. ஃபயர்வாலுக்கு அப்பால் என்பது உறுதி, ஆனால் அப்பால் இருப்பது கோர் மட்டும் இல்லை. பல வண்டிகளில் ஃபயர்வாலைத் தாண்டி வரும் இரண்டு குழாய்களும் கோரோடு தனி இணைப்பாகச் சேர்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு ஓ-ரிங், மேலே ஒரு கவ்வி. அந்த ஓ-ரிங் இறுகித் தட்டையாகிவிட்டால் கோர் நன்றாக இருக்கும்போதே கசியும். சில அமைப்புகளில் கால்பகுதிப் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாலே அந்த இணைப்புக்குக் கை போகும். டேஷ்போர்டைத் தொடவே வேண்டாம்.

கண்ணால் பார்ப்பது இப்படி. பெட்டிக்குள் காற்று ஓடும் வரிசை: புளோயர், எவாப்பரேட்டர், ஹீட்டர் கோர், பிறகு திசைமாற்றும் தகடுகள். கேபின் ஃபில்டர் இடத்திலிருந்தோ புளோயர் ரெசிஸ்டர் துளையிலிருந்தோ கேமராவை விட்டால் எவாப்பரேட்டர் வந்து மறைத்துவிடும். எதிர்ப்பக்கமாக வாருங்கள். காற்றைக் காலுக்கு வரும் நிலையில் வைத்து, சூட்டை முழுதாக வைத்து, இக்னிஷனை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் தகடுகள் திறந்தபடியே நிற்கும். காற்று வாய் வழியாக 5.5 மி.மீ. கேமரா கோரின் முகம் வரை போகும்.

கசிவு இடத்தைக் காண யூவி (புற ஊதா) விளக்கில் ஒளிரும் சாயம் சேர்ப்பதானால் புட்டியில் உள்ள அளவைத் தாண்டாதீர்கள். சேர்ப்பதற்கு முன் டேங்க் மீது யூவி விளக்கைக் காட்டிப் பாருங்கள். பல கூலண்டுகள் தாமாகவே ஒளிர்கின்றன, தனிச் சாயமே தேவைப்படாது. மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு, இருட்டில் பாருங்கள்.

#13 சாளரக்காற்று

கோரின் முகம் காய்ந்து சுத்தமாக இருக்கிறது. உள்ளே போகும் குழாய் கோரில் சேரும் இடத்தில் இளஞ்சிவப்புப் பொருக்கு, அதிலிருந்து கீழே ஒரு தடம், யூவி விளக்கில் பளிச்சென்று தெரிகிறது. பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் கவ்விக்குக் கை எட்டுகிறது. ஓ-ரிங் மட்டும் போதுமா, கோரையும் மாற்றிவிடலாமா?

#14 குழாய்முனை

கோர் கைக்கு எட்டும் இடத்திலிருந்து பக்கவாட்டில் உருவி எடுக்கிற அமைப்பு என்றால் கோரையும் மாற்றிவிடுவேன். 1,30,000 கி.மீ. பார்த்த கோர். வேலை ஒன்றுதான்.

#15 வெப்பமாற்றி

இதில் குழாய்முனையோடு எனக்கு உடன்பாடில்லை. சோதித்து நல்லது என்று தெரிந்த பாகத்தை, தரம் தெரியாத மாற்றுப் பாகத்துக்காகக் கழற்றுவது சரியில்லை. முதலில் கோரைத் தனியாக மதிப்பிடுங்கள். ஹீட்டர் முழுச் சூட்டில் ஓடும்போது உள்ளே போகும் ஹோஸுக்கும் வெளியே வரும் ஹோஸுக்கும் இருக்கும் வெப்ப வித்தியாசம் 10 முதல் 20 டிகிரிக்குள் என்றால் கோரில் அடைப்பு இல்லை. ஒன்று கை வைக்க முடியாத சூடு, மற்றது வெதுவெதுப்பு என்றால் மாற்றுங்கள்.

கூலண்டின் நிலையையும் பார்க்க வேண்டும். சோதனைப் பட்டையில் அமிலப் பக்கம் காட்டினால், அல்லது கூலண்டில் மின்னழுத்தம் இருந்தால், கோர் உள்ளிருந்து அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸிலும், சிவப்பு முனையை டேங்கில் உலோகம் படாமல் கூலண்டிலும் வையுங்கள். என்ஜின் அணைந்தபோது ஒருமுறை, எல்லா விளக்கும் புளோயரும் ஓடும்போது ஒருமுறை. 0.1 வோல்ட்டுக்குக் கீழே என்றால் நல்லது. 0.3-ஐத் தொட்டால் கூலண்ட் செத்துவிட்டது, அல்லது ஏதோ ஒரு எர்த் வயர் சரியில்லை. எர்த் கோளாறோடு புதுக் கோர் போட்டால் அதுவும் ஓட்டையாகும்.

இரண்டும் நன்றாக இருந்தால் ஓ-ரிங்கும் கவ்வியும் போதும். இரண்டு இணைப்பிலும் மாற்றுங்கள், கசிகிற ஒன்றில் மட்டும் இல்லை.

#16 அழுத்தமானி

வெப்பமாற்றி பக்கம்தான் நானும். ஆனால் ஹெட் கேஸ்கெட்டையும் (சிலிண்டர் ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) ஒரு முறை பார்த்துவிடுங்கள். சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் கசிந்தால் அழுத்தம் மூடியின் எல்லையில் போய் முட்டிக்கொண்டே இருக்கும், பலவீனமான இணைப்பு முதலில் போகும். டேங்கின் வாயில் வைக்கும் நீலத் திரவச் சோதனைக் கருவி போதும்: என்ஜின் சூடாகி ஓடும்போது டேங்கின் காற்றை அதன் வழியாக உறிஞ்ச வேண்டும், நீலம் மஞ்சளானால் கரியமில வாயு இருக்கிறது. டேங்க் மட்டத்தைச் சற்று இறக்கிக்கொள்ளுங்கள். கூலண்ட் கருவிக்குள் ஏறினால் சோதனை வீண். மூடியையும் அடாப்டரில் மாட்டி, அச்சடித்த அழுத்தத்தில் திறக்கிறதா பாருங்கள். திறக்காமல் அடம்பிடிக்கும் மூடி ஓ-ரிங்கைக் கொல்லும்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் சலசலவென்று நீர் ஓடும் சத்தம் இருக்கிறதா? குறைந்த கூலண்ட், உள்ளே காற்று, இல்லையென்றால் இந்த எரிந்த வாயு, மூன்றில் ஒன்று.

#17 சாளரக்காற்று

நீலம் மாறவில்லை. மின்னழுத்தம் 0.06. வெப்ப வித்தியாசம் 14 டிகிரி. மூடி 1.1-ல் திறக்கிறது. புளோயர் போடாமல் கேட்டால் லேசான சலசலப்பு உண்டு. ஓ-ரிங் வேலையையே எடுக்கிறேன். கவனிக்க வேண்டியது என்ன?

#18 வெப்பமாற்றி

பேட்டரியின் மைனஸைக் கழற்றி, ஏர்பேக் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருங்கள். அந்தப் பக்கவாட்டு மூடிக்கு அருகில் ஏர்பேக் வயர் ஓடும் வண்டிகள் உண்டு. கூலண்டை ரேடியேட்டரில் வடித்தாலும் கோருக்குள் கொஞ்சம் தங்கியிருக்கும். வெளியே ஹோஸைக் கழற்றி, ஒரு குழாயில் வாயளவு காற்றை மெதுவாக விட்டு மறுகுழாய் வழியாகப் பாத்திரத்தில் வடியுங்கள். அதன் பிறகும் இணைப்புக்குக் கீழே பிளாஸ்டிக் தாள், மேலே பழந்துணி.

கவ்வியைக் கழற்றியதும் குழாயின் முனையையும் கோரின் வாயையும் துணியாலும் பிளாஸ்டிக் சீவியாலும் சுத்தம் செய்யுங்கள். உப்புக்காகிதம் வேண்டாம், குறுக்கே விழும் ஒரு கீறல் போதும், புது ஓ-ரிங்கும் கசியும். அலுமினியத்தில் குழி விழுந்திருந்தால் குழாயையே மாற்ற வேண்டும். ஓ-ரிங்கில் புதுக் கூலண்ட் தடவிப் பொருத்துங்கள். கிரீஸ், என்ஜின் ஆயில் எதுவும் படக்கூடாது, ஏனென்றால் இந்த இடத்தில் வருவது இபிடிஎம் ரப்பர், பெட்ரோலிய எண்ணெயில் ஊதிப்போகும். குழாய் நேராக இறங்க வேண்டும். சாய்ந்து இறங்கினால் ஓ-ரிங்கின் விளிம்பு வெட்டுப்படும். பழைய கவ்வியை மறுபடி போடாதீர்கள்.

மூடும் முன் 1.1 பாரில் மறுபடி 20 நிமிடம். எல்லாவற்றையும் மாட்டிய பிறகு சோதித்துப் பயனில்லை.

#19 பச்சைத்திரவம்

நிரப்பும்போது, வண்டியின் கையேடு கேட்கும் வகைக் கூலண்டை மட்டும் ஊற்றுங்கள். நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். ஒரே நிறத்தில் வேறு வேறு வேதியியல் வருகிறது. செறிவாக வாங்கினால் பாதிக்குப் பாதி, தாது நீக்கிய தண்ணீரில். அந்தக் கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. குழாய்த் தண்ணீரின் உப்பு கோரின் குறுகிய வழியில்தான் போய்ப் படியும்.

காற்று நீக்குவதில் அவசரம் வேண்டாம். பல வண்டிகளில் கோர் அமைப்பிலேயே உயரமான இடத்தில் இருக்கிறது, காற்று அங்கே போய் உட்காரும். முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று நீக்கும் திருகு இருந்தால் திறந்து, குமிழி இல்லாமல் கூலண்ட் வரும் வரை நிரப்புங்கள். பிறகு 1500 முதல் 2000 ஆர்பிஎம்மில் தெர்மோஸ்டாட் திறக்கும் வரை. இரண்டு ஹீட்டர் ஹோஸும் சூடாகி, சலசலப்பு நின்றால் முடிந்தது. வெற்றிடத்தில் நிரப்பும் கருவி இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் வெற்றிடம் நின்றது என்பதற்காக அழுத்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். உறிஞ்சும்போது இணைப்பு இறுகி மூடிக்கொள்ளும், அழுத்தத்தில்தான் திறக்கும்.

வடித்த கூலண்டைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்ற வேண்டாம். மூடிய கலனில் சேர்த்துக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

#20 மூன்றாம்கியர்

வேனில் பின்சீட்டுக்குத் தனி ஹீட்டர் இருந்தால் இதே வரிசைதானா?

#21 குழாய்முனை

வரிசை அதேதான், பிரிக்கும் இடம் ஒன்று கூடும். பின் ஹீட்டருக்குப் போகும் உலோகக் குழாய்கள் வண்டியின் அடியில் ஓடுகின்றன, பிடிப்பு மாட்டிய இடங்களில் துருப்பிடித்து ஓட்டையாகும். முன் ஹீட்டரைப் பிரித்தும் முள் இறங்கினால் பின்பக்க டீயையும் பிரியுங்கள். கோரைவிட அந்தக் குழாய்கள்தான் அதிகம் கசிகின்றன.

மின்சார வண்டிகளில் நிலைமை வேறு. சிலவற்றில் காற்றை நேரடியாகச் சூடாக்கும் மின் ஹீட்டர், கூலண்டே கிடையாது. சிலவற்றில் கூலண்டைச் சூடாக்கும் உயர் மின்னழுத்த ஹீட்டர். ஆரஞ்சு நிற வயர் தெரிந்தால் அதற்குப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். பேட்டரிப் பாதைக்கு மின்கடத்தல் குறைந்த தனிக் கூலண்ட் கேட்கும் வண்டிகளும் உண்டு. கையிலிருப்பதை ஊற்றக் கூடாது.

#22 சாளரக்காற்று

ஓ-ரிங் இரண்டும் கவ்வி இரண்டும் மாற்றியாயிற்று. 1.1 பாரில் முள் அசையவில்லை, சலசலப்பும் இல்லை. பழைய ஓ-ரிங் வட்டமாக இல்லை, ஒரு பக்கம் தட்டையாக இறுகியிருந்தது. ஆனால் ஹீட்டர் போட்டால் வாசனை இன்னும் மெலிதாக வருகிறது.

#23 பச்சைத்திரவம்

வரும். பெட்டியின் அடியிலும் காற்றுக் குழாய்ச் சுவரிலும் படிந்த கிளைகால் தானாக ஆவியாகித் தீர நாளாகும். ஆனால் அது தண்ணீரில் நன்றாகக் கரையும், அதுதான் நமக்கு வசதி. கேமரா விட்ட அதே வழியில் மெல்லிய குழாயை விட்டு, கோரின் கீழ்ப்பகுதியில் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியுங்கள், ஒரு தடவைக்கு 200 மி.லி. போதும். வடிகுழாயில் வெளியே வருவதைப் பிடித்துப் பாருங்கள். நிறமும் வழவழப்பும் போகும் வரை திரும்பச் செய்யுங்கள். உள்ளே விட்ட அளவு வெளியே வராவிட்டால் நிறுத்திவிட்டு வடிகுழாய் அடைப்பை முதலில் எடுங்கள், இல்லையென்றால் காய்ந்திருந்த கார்பெட் பஞ்சு நனையும்.

பிறகு சூட்டை முழுதாக வைத்து, கண்ணாடிகளை இறக்கி, வெளிக்காற்று நிலையில் அரை மணி நேரம் புளோயர். கேபின் ஃபில்டரை மாற்றுங்கள். உட்சுழற்சியில் ஓடும்போது அதுவும் வாசனையைப் பிடித்து வைத்திருக்கும்.

முன்கண்ணாடிக்கு முதலில் வெறும் தண்ணீரும் சுத்தமான துணியும், பிறகு பாதித் தண்ணீர் பாதி ஐசோப்ரொபைல் ஆல்கஹால். துணியை அடிக்கடி மாற்றாவிட்டால் அதே பிசுக்கைத்தான் பரப்பிக்கொண்டிருப்போம். கண்ணாடியின் கீழ் மூலை, டேஷ்போர்டு சேரும் இடம், அங்கேதான் அதிகம் படிந்திருக்கும்.

#24 அழுத்தமானி

கண்ணாடியைச் சுத்தம் செய்த பிறகு அதையே சோதனைக் கருவியாக வைத்துக்கொள்ளுங்கள். டேங்கில் இப்போதைய மட்டத்துக்கு நேரே ஒரு பட்டை ஒட்டி, எப்போதும் குளிர்ந்த என்ஜினில், சமதளத்தில் மட்டும் ஒப்பிடுங்கள். முதல் சில ஓட்டத்தில் மிச்சக் காற்று வெளியேறி மட்டம் சற்று இறங்கலாம். ஒரு முறை நிரப்பியதும் அதே இடத்தில் நிற்க வேண்டும். மட்டம் நின்று, கண்ணாடியில் புதிதாகப் பிசுக்கு படியாமல், வாசனை மட்டும் இருந்தால் அது பழைய மிச்சம், கழுவுவதைத் தொடருங்கள். மட்டம் மறுபடி இறங்கினால் வடிகுழாய் முனையில் வெள்ளைத் தாளை வைத்துத் துடைத்துப் பாருங்கள்.